பன்னிரண்டாவது பம்ப்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று மாலை என் மனைவி வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தேன். ஆனால் ஒரு நிமிடம் தாமதமாக. 'இது கதைக்கு ஆகும்' என்று யோசித்ததில் போன நிமிடம் அது.

அவளிடம் இதைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். "உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது. எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா என்னை அழ வைக்காதீங்க. நான் அழல."

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலாவது இது:

*மருத்துவமனையின் அடித்தளத்தில் மரணம் அமைதியாகக் காத்துக்கொண்டிரு...*

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "அங்க காத்துக்கிட்டு இருந்தது பதினெட்டு பம்ப்பும் ஒரு ஆடுற ஸ்டூலும்தாங்க."

ஆகவே நேராகச் சொல்கிறேன். என் மனைவிக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு கல்லூரியில் மின்னணுப் பிரிவின் ஆய்வக உதவியாளராகப் பதினாறு வருடம் இருந்தாள். பிரிவையே மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்று, மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன் பயிற்சியில் சேர்ந்தாள். ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் மருத்துவமனையில். கூடப் படித்த இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வயது. அவளை 'அக்கா' என்பார்கள். மேற்பார்வையாளருக்கு முப்பது வயது; அவரும் 'அக்கா' என்பார். இவள் அவரை 'சார்' என்பாள். இதில் அவர்கள் யாருக்கும் குழப்பமில்லை, எனக்குத்தான்.

3

அன்று காலை அவளுக்குக் கொடுத்த வேலை பதினெட்டு சிரிஞ்ச் பம்ப்புகளைச் சோதிப்பது. (பார்த்திராதவர்களுக்கு: செங்கல் அளவில் ஒரு பெட்டி. மேலே மருந்து நிரப்பிய சிரிஞ்ச். பெட்டி அதை மெல்ல மெல்ல, மணிக்கணக்கில், குழாய் வழியாக நோயாளியின் ரத்த நாளத்துக்குள் தள்ளும்.) சோதனைகளில் ஒன்று எளியது. குழாயை இடுக்கியால் அடைக்க வேண்டும். மருந்து போகவில்லை என்று பம்ப் தானே கண்டுபிடித்து அலற வேண்டும். எத்தனை நொடியில் அலறியது என்று படிவத்தில் எழுத வேண்டும்.

எல்லாம் சரியென்றால் 'சோதிக்கப்பட்டது' என்ற பச்சை ஸ்டிக்கர். மருத்துவமனை அடித்தளத்தில் இருந்த அந்தப் பழுதுபார்க்கும் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. ஸ்டிக்கர்களை முதலிலேயே வரிசையாக ஒட்டிவிட்டுச் சோதிப்பார்கள், நேரம் மிச்சம். அவளும் ஒட்டினாள்.

பன்னிரண்டாவது பம்ப்பில் குழாயைக் கையில் எடுத்தபோது மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "அக்கா, இந்த ஏணியக் கொஞ்சம் பிடிங்களேன்." பிடித்தாள். திரும்பி வந்து பதிமூன்றாவதிலிருந்து தொடர்ந்தாள்.

இவ்வளவுதான். இதில் வில்லன் யாரும் இல்லை. ஏணியை வில்லனாக்கலாமா என்றுகூட யோசித்துப் பார்த்தேன்.

4

சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் படிவத்தைச் சரிபார்த்தாள். பதினோராவது: பதினான்கு நொடி. பதிமூன்றாவது: பதினாறு. நடுவில் ஒரு காலிக் கட்டம்.

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பம்ப்கூட இல்லை. வார்டுகளிலிருந்து வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

"பேனாவை அந்தக் கட்டத்துல வெச்சுட்டேங்க" என்றாள் என்னிடம். "பதினஞ்சுன்னு எழுதிடலாம்னுதான் வெச்சேன். ஒரு புள்ளி விழுந்துடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எழுந்து ஓடினேன்."

ஏன் எழுதவில்லை என்று இரண்டு முறை கேட்டேன். கதைக்கு அது வேண்டும். அந்தக் காரணம் இல்லாமல் பாத்திரம் நிற்காது என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். எங்கள் மகளின் முகம் அவள் நினைவுக்கு வந்ததாக ஒரு பத்தி எழுதியும் வைத்தேன். படித்துவிட்டு, "அப்ப எனக்கு யாரோட முகமும் ஞாபகம் வரல. அந்தப் புள்ளியத்தான் பாத்தேன், அவ்வளவுதான்" என்றாள். பத்தியை அடித்துவிட்டேன்.

5

பதிவேட்டில் தேடினாள். பன்னிரண்டாவது பம்ப் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருந்தது. நாலாவது படுக்கை.

(இங்கே படுக்கையில் ஒரு சிறுமியைப் படுக்க வைக்க ஆசைப்பட்டேன். ஏழு வயது, இரட்டைச் சடை. என் மனைவி பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் கேட்டாள்: "அவரு அம்பது வயசு லாரி டிரைவர். பெரிய மீசை. அவருக்கு ஒண்ணு ஆனா உங்களுக்குப் பரவால்லையா?")

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை ஸ்டிக்கர் அவளைப் பார்த்தது. வார்டு சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "சிஸ்டர், இதுல அடைப்பு அலாரம் நான் சோதிக்கல. ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். உடனே கழட்டணும்."

சிஸ்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். சிஸ்டருக்குத் திட்ட நேரமில்லை.

"கழட்ட முடியாது. இவருக்கு பிபிய இந்த மருந்துதான் தாங்கிட்டு இருக்கு. நின்னா விழுந்துடும். இன்னொரு பம்ப்புல மருந்து ஏத்தி ஓட விட்டுட்டுத்தான் இதை எடுக்கணும். பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் குழாய் எங்கயும் மடங்கக் கூடாது." இரண்டடி போய்த் திரும்பினார். "அலாரம் அடிக்குமான்னு தெரியாதுன்னா, அதுவரைக்கும் நீங்கதான் அலாரம்."

நின்றாள். சிரிஞ்சிலிருந்து கட்டில் கம்பி வழியாக, போர்வை மேலாக, கழுத்தோரம் போகும் அந்த மெல்லிய குழாயை முனைக்கு முனை பார்த்தாள். பிறகு திரையில் ரத்த அழுத்தம். மறுபடி குழாய். இமைக்கப் பயமாக இருந்தது என்றாள்.

ஓட்டுநர் கண் திறந்தார். "என்னம்மா, மிஷின் ரிப்பேரா?"

இதற்கு அவள் சொன்ன பதில்:

அ) "இல்லைங்க, சும்மா செக்கிங்." (நானாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.)

ஆ) "என்னை மன்னிச்சிடுங்க, என் தப்பு." (கதைக்கு அழகு. ஆனால் படுத்திருக்கும் மனிதர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?)

உண்மையில் சொன்னது: "தெரியலைங்க. அதான் மாத்தறோம்."

அவர் குழாயைப் பார்த்தார். "அப்ப இங்கயே நில்லும்மா. எங்கயும் போயிடாத."

ஏழாவது நிமிடம் அவர் வலியில் புரண்டார். குழாய் தோளுக்கு அடியில் போய் மறைந்தது. அவள் "சிஸ்டர்!" என்று கத்திய கத்தலில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். சிஸ்டர் ஓடி வந்து தோளைத் தூக்க, இவள் குழாயை இழுத்து நிமிர்த்தினாள். அது நசுங்கியிருந்ததா, நசுங்கப் போனதா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பம்ப் மூச்சுக் காட்டவில்லை.

புதிய பம்ப்புக்கு மாற்றியபோது ரத்த அழுத்தத்தின் மேல் எண் தொண்ணூற்றிரண்டிலிருந்து எழுபத்தொன்றுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. பிறகு ஏறியது. அந்த 'பிறகு' எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்குக் கம்மியாத் தெரியும்" என்றாள்.

6

பட்டறைக்குக் கொண்டுவந்து, மேற்பார்வையாளர் முன்னால் சோதித்தார்கள். குழாயை அடைத்தார்கள். பதினைந்து நொடி. முப்பது. அறுபது. தொண்ணூறு. பம்ப் தன் பாட்டுக்கு ஓடியது. நிறுத்தி, மறுபடி அடைத்தார்கள். பதினைந்து நொடியில் அலறியது. மூன்றாவது முறையும் பதினைந்து.

"எதைக்கா எழுதறது?" என்றார் மேற்பார்வையாளர், சின்னப் பிள்ளை மாதிரி.

"மூணையும் எழுதுங்க சார். ஸ்டிக்கர முன்னாடியே ஒட்டினதையும் எழுதுங்க."

"அதை எழுதினா என் தலையும் உருளுமே."

"ஆமா சார். ரெண்டும் உருளட்டும்."

எழுதினார்கள். விசாரணை நடந்தது. அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அவளுக்குப் பயிற்சி இரண்டு மாதம் நீட்டிப்பு. கூடப் படித்த இருவரும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன அன்று இவள் பட்டறையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். பம்ப்பைப் பிரித்ததில் அழுத்தத்தை உணரும் பாகம் சில சமயம் ஒட்டிக்கொள்வது தெரிந்தது. அதே வகையில் இன்னும் இரண்டு பம்ப்புகளிலும் அதே கோளாறு. ஸ்டிக்கரை முன்கூட்டி ஒட்டும் பழக்கம் நின்றது. லாரி ஓட்டுநர் நான்காம் நாள் பொது வார்டுக்கு மாறி, ஒன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். சிஸ்டர் இதை அவளைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். திட்டையும் அன்றைக்குத்தான் திட்டினார், வட்டியோடு.

இங்கே கதையை முடித்திருக்கலாம். எல்லோரும் பிழைத்துவிட்டார்கள்.

7

ஆனால் நீட்டித்த பயிற்சி முடிந்த பிறகும் அவள் பயம் குறையவில்லை. மின்தூக்கியில் ஏற மாட்டேன் என்கிறாள். அதைச் சோதித்ததாக யார் கையெழுத்துப் போட்டார்களோ என்கிறாள். பேச்சின் நடுவே நிறுத்தி, எதையாவது விட்டுவிட்டோமா என்று விரல் விட்டு எண்ணுகிறாள்.

அதனால் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் வேலையை விட்டுவிடுகிறாள். இன்னொன்றில் பயம் தெளிந்து, பதக்கம் இல்லாத வீராங்கனையாக, நிமிர்ந்த...

இரண்டையும் நேற்று அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"நாளைக்கு முதல் தடவையா நானே தனியா கையெழுத்துப் போடறேன். இருபது பம்ப். அதுல என்ன ஆகும்னு நீங்க இன்னிக்கே எழுதிட்டீங்களா?"

இரண்டு தாள்களையும் திரும்ப வாங்கி மடித்து வைத்தேன்.

அந்த 'நாளை'தான் இன்று. காலை ஏழரை மணி. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "பயமா இருக்குங்க" என்றாள்.

"லீவு போடேன்."

"போட்டா இருபதையும் யாரு பாப்பாங்க?"

போய்விட்டாள். மாலை ஆறுக்கு வருவாள். அதுவரை நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால், வாசகரே, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. லாரி ஓட்டுநர் வீட்டுக்குப் போய்விட்டார். நாலாவது படுக்கை காலி. முதலில் அதில் உங்கள் வீட்டு ஆள் ஒருவரைப் படுக்க வையுங்கள். அப்புறம் பேனாவை எடுங்கள்.