நடுவர் வெண்ட்லரின் சிவப்புக் கொடி

உயரம் தாண்டும் போட்டியில் குட்ருன் மைபாஹ் ஒரு மீட்டர் தொண்ணூற்றிரண்டைத் தாண்டியது சனிக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்கு. மெத்தையில் வந்து விழுந்தது செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில். இடைப்பட்ட நேரமெல்லாம் ஹோல்ஸ்டாட் விளையாட்டுக் கூடத்தில், கம்பிக்கு இரண்டு சாண் மேலே, முதுகை வளைத்து, கூரையைப் பார்த்தபடி இருந்தாள்.

ஊருக்கு இது அப்படியொன்றும் புதிதல்ல. பதினைந்து வயதில் அவள் தாண்டியபோது அம்மாவும் உடற்பயிற்சி ஆசிரியரும் மட்டும் கைதட்டினார்கள். ஒரு கண் சிமிட்டும் நேரம் அந்தரத்தில் அதிகம் நின்றாள். பத்தொன்பதில் ஊரே தட்டியது. ஒரு ரொட்டிக்கு வெண்ணெய் தடவி முடிக்கும் நேரம் நின்றாள். பத்திரிகைப் படக்காரர்கள் நிதானமாக மூக்கைச் சிந்திவிட்டுப் படம் எடுத்தார்கள். படம் வர வர ஆட்கள் கூடினார்கள். ஆட்கள் கூடக் கூடக் கைதட்டல் பலத்தது, அவள் இறங்கத் தாமதமானது.

அந்தச் சனிக்கிழமை அறுநூறு பேர். ஒலிம்பிக் அணிக்குப் பெயர் சேர்ப்பது செவ்வாய் நண்பகலோடு சரி. அதற்கு வேண்டிய உயரம் இதுதான். நடுவர் வெண்ட்லர் வாரநாட்களில் தபால்காரர். பத்தொன்பது வருடத்தில் ஒரு கொடி தப்பாகத் தூக்கியதில்லை. பெற்ற மகளுக்கே செல்லாது என்று சிவப்பைக் காட்டிவிட்டு, வீட்டில் ஒரு மாதம் ஆறிய சூப் குடித்த மனிதர். தாண்டியது செல்லும் என்று வெள்ளைக் கொடி காட்ட வேண்டுமானால் அவள் இறங்கியாக வேண்டும். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும் என்று அதில் இல்லை. யாரும் தொடக் கூடாது என்று இருந்தது. ஊட்டக் கூடாது என்று இல்லை. ஆகவே துடைப்பக் கம்பில் கட்டிய கரண்டியில் உருளைக்கிழங்கு சாலட் மேலே போனது.

ஞாயிறு காலைக்குள் ஊர்ச் சங்கங்கள் கைதட்ட முறைப் பட்டியல் போட்டுவிட்டன: காலையில் தீயணைப்புச் சங்கம், மதியம் பாட்டுச் சங்கம், மிச்ச நேரத்துக்கு முயல் வளர்ப்போர் சங்கம். கைதட்டல் அறவே ஓயவில்லை.

"போதும், நிறுத்துங்க!" என்று மேலிருந்து கத்தினாள்.

"என்னா அடக்கம் பாருங்க இந்தப் பொண்ணுக்கு!" என்று கசாப்புக் கடைக்காரர் ப்ரோய்ஸ் உருகினார். தட்டல் இன்னும் பலத்தது.

செவ்வாய் காலை, வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அறுநூறு பேரும் வந்துவிட்டார்கள். பதினொன்றே முக்காலுக்கு அவள் குரல் இறங்கியது. "வெண்ட்லர் சார், என் பேர் விட்டுப்போயிடும். இவங்க என்னை விடமாட்டேங்கறாங்க."

"கம்பி அசையலைம்மா. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தன் பூட்ஸைப் பார்த்தார். சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

ஆயிரத்து இருநூறு கைகளும் அந்தக் கணமே முஷ்டியாயின. "யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றார் ப்ரோய்ஸ். "என் கடுதாசியெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போறது இதனாலதானா!"

தட்ட ஒரு கை மிச்சமில்லை. குட்ருன் தொப்பென்று மெத்தையில் விழுந்தாள். கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. வெண்ட்லர் சிவப்பைக் கீழே போட்டுவிட்டு வெள்ளையைத் தூக்கினார். பெயர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தப்பான கொடி தூக்கியதாகத் தன்மேல் தானே புகார் எழுதி, அதையும் தபாலில் சேர்த்துவிட்டு, அவர் நடுவர் வேலையை விட்டார்.

ஒலிம்பிக்கில் அவளுக்கு ஒன்பதாம் இடம். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. எல்லாரையும் போலச் சட்டென்று இறங்கினாள். வாழ்நாளில் அவ்வளவு சுகமாகத் தாண்டியதில்லை என்று சொன்னாள்.

இப்போது அவளுக்கும் வெண்ட்லருக்கும் வயதாகிவிட்டது. ரொட்டிக் கடை வரிசையில் யாராவது அடையாளம் கண்டு கைதட்டிவிட்டால் அவள் குதிகால் தரையை விட்டு எழும்பும். பின்னால் நிற்கும் வெண்ட்லர் அவள் தோளில் கை வைத்து லேசாக அழுத்துவார். இங்கே தொடலாம், குறுக்கே கம்பி இல்லை. அவள் எள்ளு ரொட்டி நான்கு கேட்பாள்.