வடிகால் இன்ஜினியர் வீட்டுக்காரரின் உயரம்

வடிகால் இன்ஜினியரின் வீட்டுக்காரர் கல்யாணத்தன்று ஐந்தடி இரண்டங்குலம் இருந்தார். பதினோராவது வருடம் ஆறடி ஐந்தங்குலம். இடையில் அவர் விசேஷமாக எதையும் சாப்பிட்டுவிடவில்லை. நகராட்சியில் மனைவி கட்டும் ஒவ்வொரு வடிகாலுக்கும் மூடி போட்ட மறுநாள் காலை அவர் ஒரு விரற்கடை வளர்ந்து எழுந்தார், அவ்வளவுதான். தையற்காரர் என்பதால் கால்சட்டையின் மடிப்பைத் தானே பிரித்து இறக்கிக்கொண்டார். வாசல் நிலையில் தன் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். சட்டைக்கு அளவு கொடுக்கப் போன எவரும் சாக்கடையின் சரிவைப் பற்றிக் கேட்காமல் திரும்ப முடியாது. “நூறடிக்கு எட்டங்குலம் இறக்கம்! எங்க வீட்டம்மா கண்ணாலயே சொல்லிடுவா” என்பார். அந்தப் பேச்சு சுவாரசியத்தில் பாதி ஊருக்குச் சட்டையின் இடது கை வலது கையைவிடச் சற்று இறக்கமாகவே அமைந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் கடைக்குப் போன காலம் எல்லோருக்கும் நினைவிருந்தது.

இன்ஜினியர் அம்மாவுக்கும் அந்தப் பென்சில் கோடு வசதியாகப் போயிற்று. புது வடிகாலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வழக்கத்தை மூன்று வருடமாகவே விட்டுவிட்டார். காலையில் கோடு ஏறியிருந்தால் கையெழுத்து. கடைத்தெரு வடிகாலுக்கு மட்டும், வேலை நெருக்கடியில், கோட்டைப் பார்க்காமல், மூடி போட்ட திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார். வியாழக்கிழமை திறப்பு விழா. அதே வாரம் அவருடைய பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் போவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தையற்காரர் நிலைப்படியில் நின்று அளந்தார். நூலளவுகூட ஏறவில்லை. புதன்கிழமையும் அப்படியே. மனிதர் பயந்துபோனார். வடிகாலைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மனைவிமேல் இருந்த மதிப்பு தனக்கே தெரியாமல் குறைந்துவிட்டதோ என்றுதான் தோன்றியது. செருப்புக்குள் அட்டை வைத்துக்கொண்டு ஒரு விரற்கடை உயரமாக நடமாடினார். சரிவைக் கண்ணாலேயே அளப்பவளிடம் அந்தப் பாச்சா பலிக்குமா? வியாழக்கிழமை காலை மாட்டிக்கொண்டார்.

“வளரலையாங்க?”

“வயசாயிடுச்சும்மா. உன் வேலையில என்ன குறை இருக்கப்போகுது? கோளாறு எங்கிட்டதான்.”

இன்ஜினியர் அம்மா வாளியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். மேல்கோடியில் ஊற்றிய தண்ணீர் பாதி தூரம் சாவகாசமாகப் போய், யோசித்து, திரும்பி வந்து அவருடைய காலையே நனைத்தது.

விழாவுக்குத் துணிக்கூரை கட்டியிருந்தார்கள். நகராட்சித் தலைவர் கையில் கத்தரிக்கோல். “திறக்காதீங்க சார்” என்றார் இன்ஜினியர் அம்மா. ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோயிற்று. “சரிவு தலைகீழா இருக்கு. தண்ணி ஊத்திப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. பேத்துட்டுத் திரும்பப் போடணும்.”

சொல்லி முடிப்பதற்குள் டர்ரென்று ஒரு சத்தம். முதலில் கால்சட்டைத் தையல், அப்புறம் துணிக்கூரை. தையற்காரர் நின்ற இடத்திலேயே ஒரு முழம் வளர்ந்திருந்தார். தலை கூரைக்கு வெளியே இருந்தது.

“குனிங்க, எல்லாரும் பாக்குறாங்க” என்றார் மனைவி, கூச்சத்தோடு.

“பாக்கட்டுமே!” என்று மேலேயிருந்து குரல் வந்தது. மனிதர் அழுதுகொண்டிருந்தார். அத்தனை சந்தோஷம்.

பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. வீட்டு வாசல் நிலையை இடித்து உயர்த்தினார்கள். கடைத்தெரு வடிகாலைப் பெயர்த்து மறுபடி போட்டதில் இரண்டு மாதம் ஊரே ஏசியது. மூன்றாம் மாதம் மழையில் மறந்துவிட்டது. நகராட்சி மட்டும் மறக்கவில்லை. வடிகால் வேலை முடிந்ததற்கான படிவத்தில் புதிதாக இரண்டு கட்டங்கள் சேர்த்தது. கடைத்தெருவுக்காக இன்ஜினியர் அம்மா அவற்றை நிரப்பினார்: தண்ணீர்ச் சோதனை – சரி; வீட்டுக்காரர் வளர்ச்சி – ஒரு விரற்கடை. மேலதிகாரி பச்சை மையில் ஒப்பமிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.