இரண்டு பேர் போட்ட கியர்

மருந்துக்கடைக்காரருக்கு இடது கையில் மாவுக்கட்டு. வீறாப்புக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பியதும், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டுபோய் விடறேன்" என்று காரை எடுத்துவிட்டார். கியர் போட வேண்டிய கை கழுத்தில் தொங்குகிறது. அதனால் கிளட்ச்சை அவர் மிதிப்பது, கியரை அவள் தள்ளுவது என்று ஏற்பாடு. அத்தனை கோபத்திலும் இதற்கு ஒத்துக்கொண்டாளே, அவளை மெச்ச வேண்டும்.

கோபம் ஒன்றும் சும்மா வரவில்லை. மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறிய மனிதர், எட்டாத இறக்கையை எட்டப் போய் விழுந்தார். விழுந்துவிட்டு, விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "இவ ஸ்டூலைப் பிடிச்ச லட்சணம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தவளுக்கு வயிறு எரியாதா?

"செகண்டு" என்றார். தள்ளினாள். கறகறவென்று சத்தம்.

"பாத்துப் போடக் கூடாதா?"

"நீங்க பாதிதானே மிதிச்சீங்க."

"இத்தனை வருஷமா ஓட்டறேன். எனக்கே பாடமா?"

தேர்டுக்கும் அதே கறகற. இந்த முறை அவள் குனிந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கியர் விழுவதற்குள் கால் மேலே வந்துவிட்டது. அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டினார்.

"நான்தான் காலை முன்னாடியே எடுத்துட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "அன்னிக்கும் நான்தான். நீ ஸ்டூலை விடவே இல்ல."

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

அவர் அங்கேயே அவள் அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "தப்பு என்மேலதான். அவ சரியாத்தான் பிடிச்சிருந்தா."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் அக்கா.

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாவி மனுஷன், இதைச் சொல்ல இவ்வளவு நாளா?

"நான் இறங்கிட்டா எப்படித் திரும்பிப் போவீங்க?"

"ஃபர்ஸ்ட் கியர்லயே ஊர்ந்து போயிடுவேன். ஆனா நீ இல்லாத வீட்டுக்குப் போகவே பிடிக்கல."

அவள் மடியிலிருந்த பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டாள்.

"ரிவர்ஸ் எந்தப் பக்கம்?"

மோவாயால் காட்டினார்.

"முழுசா மிதிங்க. நான் சொன்னப்புறம்தான் காலை எடுக்கணும்."

கியர் சத்தமில்லாமல் விழுந்தது. விழுந்த பிறகும் அவள் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் காலை எடுக்கவே இல்லை.