வனீஸ் கடைசியாக ஆடிய பெட்டி

மீலாத் அந்த கேம் பெட்டியை ரிப்பேர் கடையின் மேசைமேல் வைத்தபோது அதன் ஒரு பக்கத்தில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. லுஹர் எனும் மதியத் தொழுகை முடிந்து கடைத்தெரு மறுபடி திறந்துகொண்டிருந்த நேரம். அவனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர் நுழைந்தார்கள். ஒருவன் ஷட்டரைப் பாதிவரை இழுத்து இறக்கினான்.

மேசைக்குப் பின்னால் இருந்த ரிப்பேர்க்காரன் கைரி எழுந்து நின்றான். திரிபோலியின் அந்தப் பகுதியில் மீலாதைத் தெரியாதவர்கள் கிடையாது. மேம்பாலத்துக்குக் கீழே உள்ள சோதனைச் சாவடி அவனுடையது. அங்கே தகரக் கொட்டகைக்குள் அவன் ஆட்கள் பகலெல்லாம் கால்பந்து கேம் ஆடுவார்கள். அந்தக் கூச்சல் ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்.

"என் தம்பி வனீஸ் செத்துட்டான்," என்றான் மீலாத். "நேத்து சாயங்காலம். இந்தப் பெட்டியாலதான்."

கடையின் உள்பக்கம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஃபைத்தூரி அப்படியே நின்றுவிட்டான். அவன் கைரியின் அக்கா சுஹைலாவின் கணவன். கடை இருவருக்கும் பொது.

"வனீஸும் நம்ம சாவடிப் பய ரஜபும் ஆடிட்டிருந்தாங்க. தம்பி ஒரு கோல் முன்னால இருந்தான். பட்டுனு திரை இருட்டாயிடுச்சு. தோக்கப்போறோம்னு நீதான் வயரைப் புடுங்கினேன்னான் தம்பி. அவன் இல்லேன்னான். தம்பி பாட்டிலால அடிச்சான், ரெண்டு பேரும் கட்டிப் புரண்டாங்க, ரஜப் இடுப்புல இருந்த துப்பாக்கி வெடிச்சிடுச்சு." அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அவனைக் கொண்டாங்கடா" என்றான்.

காரிலிருந்து ரஜபை இழுத்து வந்து சிமெண்ட் தரையில் தள்ளினார்கள். சின்ன வயதுக்காரன். ஒரு கண் வீங்கி மூடிப் போயிருந்தது. கைகளைப் பின்னால் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருந்தார்கள். விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். அதுக்குள்ள எனக்குத் தெரியணும்," என்றான் மீலாத். "உம்மா சொல்லிட்டா. இவன் வயரைப் புடுங்கியிருந்தா முடிச்சுட்டு வா. புடுங்கலேன்னா இன்னொரு தாயோட சாபத்தை என் வீட்டு வாசலுக்குக் கொண்டாராதேன்னுட்டா. நீ பெட்டியப் பாத்துச் சொல்லு உஸ்தா."

"நான் தொடவே இல்லை உஸ்தா," என்றான் ரஜப்.

துப்பாக்கியோடு வந்த காவலாளிகளில் ஒருவன் பூட்ஸ் காலால் அவன் வாயில் உதைத்தான். ஒரு பல் தெறித்து மேசைக் காலருகே விழுந்தது.

கருவிகளை எடுக்கிற சாக்கில் கைரி உள்பக்கத் துணித்திரைக்குப் பின்னால் போனான். ஃபைத்தூரி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"கைரி, போன மாசம் இதை நான்தான் பாத்தேன். நீ அப்போ தூனிஸ்ல இருந்தே."

"என்ன செஞ்சீங்க மச்சான்?"

"சிப்பு மேல ஹீட் கன்னைக் காட்டினேன். ஓடிச்சு. குடுத்துட்டேன்."

கைரி துணியின் இடுக்கு வழியாகப் பெட்டியைப் பார்த்தான். சிப்புக்கு அடியில் கடுகைவிடச் சின்னச் சின்ன ஈயப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெட்டி சூடாகிச் சூடாகி அவை விரிசல் விடும். மேலே ஹீட் கன்னின் அனல்காற்றைக் காட்டினால் இளகி ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும், கொஞ்ச நாள் ஓடும். விசிறியில் அடைத்த தூசியை எடுக்காமல், சிப்பின் சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன பேஸ்டை மாற்றாமல் விட்டால் மறுபடி சூடேறி அதே இடத்தில் விட்டுப்போகும். சிப்பைக் கழற்றிப் பழைய ஈயத்தைச் சுரண்டிப் புதிதாக வைப்பதுதான் வேலை. ஃபைத்தூரிக்கு அதற்குப் பொறுமை கிடையாது.

"ரஜப் புடுங்கினான்னு சொல்லிடுடா. அந்தப் பய நமக்கு யாரு? எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

"அவனை இங்கேயே சுட்டுடுவாங்க மச்சான்."

"நம்மளைச் சுட மாட்டாங்கல்ல?"

கைரி கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பெட்டியைக் கடை டிவியோடு இணைத்து, ஜெனரேட்டரிலிருந்து வந்த மின்சாரத்தில் மாட்டினான். வயரின் முனையை மீலாதிடம் காட்டினான்.

"பிளக்கை நீங்களே கையால அழுத்திப் பிடிச்சுக்குங்க. யாரும் கிட்ட வர வேணாம்."

மீலாத் குனிந்து பிளக்கைப் பிடித்துக்கொண்டான். பெட்டி உயிர் பெற்றது. திரையில் புல்வெளி தெரிந்தது, வனீஸ் தேர்ந்தெடுத்து வைத்திருந்த சிவப்புச் சட்டை அணி வரிசையாக நின்றது. மீலாத் பிளக்கை இன்னும் அழுத்தினான். விசிறி முதலில் முனகியது, பிறகு இரைந்தது, பிறகு லாரி மேட்டில் ஏறுவதுபோல உறுமியது. கைரி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான், உடனே எடுத்துக்கொண்டான். ரஜப் தரையில் கிடந்தபடியே, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் பச்சைக் கோடுகள் ஓடின. ஆட்டக்காரர்களின் உருவம் உடைந்தது. பின் எல்லாம் இருண்டது.

பிளக் மீலாதின் பிடியில் அசையாமல்தான் இருந்தது.

"தானாத்தான் செத்திருக்கு," என்றான் கைரி. "இவன் மேல தப்பு இல்லை."

மீலாத் பிளக்கை உருவிக் கீழே போட்டான். அப்புறம் எழுந்தான். கைரி மூடியைக் கழற்றி சிப்பைக் காட்டினான். சுற்றிலும் போர்டு கருகிப் பழுப்பேறியிருந்தது. ஹீட் கன் விட்டுப்போன, மறைக்க முடியாத தடம் அது.

"போன மாசம்தானே இங்க சரிபண்ணிக் குடுத்தீங்க," என்றான் மீலாத். "பயலுக எடுத்துட்டு வந்தாங்க. எந்தக் கை செஞ்சது இதை?"

ஃபைத்தூரியின் விரல் உயர்ந்தது. "இவன்தான்," என்றான். "கைரிதான்."

கைரி அவனைப் பார்த்தான். பகல் சாப்பாட்டுக்கு அக்கா காலையில் கட்டிக் கொடுத்த மக்ரூனா பாத்திரம் இன்னும் திறக்காமல் அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

காவலாளிகள் அவனை மேசையோடு சேர்த்து அழுத்தினார்கள். இடக்கையை விரித்துப் பிடித்தார்கள். மீலாத் ஹீட் கன்னை எடுத்து முடுக்கினான். முதலில் வந்தது வெறும் வெதுவெதுப்பான காற்று. அந்த ஒரு கணம் இது ஒன்றுமில்லாமல் போய்விடும் என்றுகூடக் கைரிக்குத் தோன்றியது. பிறகு புறங்கை மயிர் பொசுங்கியது. தோல் வெளுத்தது, கொப்பளித்தது, கொப்பளம் உடைந்து சீறியது. தான் அலறுவது அவனுக்கே வேறு யாரோ அலறுவதுபோலக் கேட்டது. தன் மாமிசத்தின் வாடை மூக்கில் ஏறியது.

"இந்தக் கைதானே?" என்றான் மீலாத். அவன் அழுதுகொண்டிருந்தான். "என் தம்பியக் கொன்ன கை இதுதானே?"

"நான்தாண்டா!" என்று ஒரு கத்தல். ஃபைத்தூரி சூடேறியிருந்த ஈயப் பற்றவைப்புக் கம்பியைத் தாங்கியிலிருந்து உருவி மீலாதின் கழுத்தில் இறக்கினான். "அவனை விடு! நான்தான் செஞ்சேன்! நான்தான்!"

மீலாத் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான். அலமாரி சரிந்து டப்பாக்கள் உருண்டன. காவலாளி சுட்டான். சின்னக் கடைக்குள் அந்தச் சத்தம் காதைக் கிழித்தது. ஃபைத்தூரியின் முழங்கால் சிதறியது. அவன் விழுந்த பிறகும் கம்பியை வீசிக்கொண்டே இருந்தான். துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்தபிறகுதான் கை ஓய்ந்தது.

மீலாத் ஃபைத்தூரியின் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றினான். கைத்துப்பாக்கியை நெற்றியில் வைத்தான். மீலாதின் தீய்ந்த கழுத்திலிருந்து வடிந்த நீரும் இரத்தமும் ஃபைத்தூரியின் வாய்மேல் சொட்டின.

மீலாதின் சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"உம்மாவா இருக்கும்," என்றான் காவலாளி மெதுவாக.

மீலாத் துப்பாக்கியை எடுக்காமலே மற்றக் கையால் போனைக் காதில் வைத்தான்.

"புடுங்கலை உம்மா," என்றான். "பெட்டி தானா நின்னிருக்கு." கேட்டுக்கொண்டிருந்தான். "இல்லை. ரஜப் உயிரோடதான் இருக்கான்." தரையில் கிடந்த ஃபைத்தூரியின் முனகல் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "இல்லை உம்மா, இது வேற... கடைக்காரன் ஒருத்தன்." அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை போலிருக்கிறது. கிழவியின் குரல் போனைத் தாண்டி மற்றவர்களுக்கும் கேட்டது.

"இன்னிக்கு என் வாசல்லேருந்து ஒரு ஜனாஸா தூக்குறது போதும். அந்த ரஜபைக் குளிக்கவச்சுக் கூட்டிட்டு வா. அவன்தான் முன்னால தோள் குடுக்கணும். அவன் தூக்கிட்டுப் போறதை நான் பாக்கணும்."

மீலாத் துப்பாக்கியை இறக்கினான். ஃபைத்தூரிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு கத்தியால் ரஜபின் கைப்பட்டையை அறுத்தான். ரஜபுக்கு நிற்கத் தெம்பில்லை. தன்னை உதைத்த காவலாளியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் காருக்குப் போனான். பெட்டியை யாரும் எடுத்துப்போகவில்லை.

ரஜப், உடலை வைத்த சந்தூக்கின் முன்காலைப் பிடித்து, அடக்கம் செய்யும் மையவாடிவரை நடந்ததாகவும், குழிக்குள் இறங்கி மண்ணும் போட்டதாகவும் தெருவில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவன் ஊரில் இல்லை. கடல் தாண்டப் படகு ஏறிவிட்டான் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒரே அறை. ஃபைத்தூரியின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கைரியின் இடக்கைக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார் டாக்டர். சுஹைலா இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டாள். கணவனுக்கு ஊட்டிய கரண்டியாலேயே தம்பிக்கும் ஊட்டினாள்.

அவள் பாத்திரம் கழுவப் போனபோது ஃபைத்தூரி சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"மொதல்ல உன்னைத்தானே காட்டினேன்."

"ஆமா."

"நீ ஏண்டா இல்லேன்னு சொல்லலை?"

கைரி யோசித்தான். ரஜபுக்காக உண்மையைச் சொல்லிவிட்டு, தனக்காக அதே உண்மையைச் சொல்லாமல் ஏன் நின்றான் என்பது அவனுக்கே விளங்கவில்லை.

"தெரியலை மச்சான்," என்றான். "ஆனா உங்க விரல் என் பக்கம் நீண்டது மறக்க மாட்டேங்குது."

ஃபைத்தூரி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். அதனடியில் அவன் தோள்கள் குலுங்குவதைக் கைரி பார்த்துக்கொண்டே படுத்திருந்தான்.