அம்மாவின் பெயருக்கு வந்த கவர்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கூரியரில் வந்தது. சற்று முன் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒருவர் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அம்மாவின் பாஸ்போர்ட். அதில் விசா ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம். கவரின் மேல் அம்மாவின் பெயர். அம்மா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளர். இப்போது யாருக்கோ ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பாள். அவள் வர நாற்பது நிமிடமாகும். அதுவரை சும்மா இருந்தால் என் கை கவரைப் பிரித்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

2.

முதல் வரி, முதல் முயற்சி: 'பனி பெய்யும் தொலைதூர நகரமொன்றில், ஜன்னலோரம் நின்ற என் அக்கா—'

இல்லை. அக்கா இருக்கும் ஊரில் பனியே கிடையாது. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதில், வெளிநாடு என்று எழுதினாலே எனக்குப் பனி பெய்துவிடுகிறது.

இரண்டாவது முயற்சி: 'அக்காவுக்கு இன்னும் பத்தொன்பது நாளில் பிரசவம். மச்சான் கப்பலில் எஞ்சினியர். கரைக்கு வர இரண்டு மாதமாகும். அம்மா போய்ச் சேராவிட்டால், அக்கா தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.'

அழகாக இல்லை. இருக்கட்டும்.

3.

விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாலு ஜெராக்ஸ்'. எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "எதுக்கும் நாலு ஜெராக்ஸ் எடுத்துருவோம்" என்பார்.*

(* முதல் பிரதியில் அவருக்கு வழுக்கைத் தலையும் சிடுசிடுப்பும் கொடுத்திருந்தேன். இவ்வளவு பொறுமையான மனிதரைக் கதையில் யார் நம்புவார்கள் என்ற பயம். இப்போது இரண்டையும் எடுத்துவிட்டேன். தலை நிறைய முடி. நம்பித்தான் ஆக வேண்டும்.)

முதல் நாள் அவர் அம்மாவிடம் கேட்டார்: "எதுக்குப் போறீங்கம்மா? சுத்திப் பாக்கவா, சொந்தக்காரங்களைப் பாக்கவா, வைத்தியத்துக்கா, வியாபாரத்துக்கா? ஒவ்வொண்ணுக்கும் விசா வேற."

"பொண்ணுக்குப் பிரசவங்க."

"அப்போ குடும்பத்தைப் பாக்கற விசா. ஒரு தடவை போறதுக்கா, பல தடவை போயிட்டு வர்றதுக்கா?"

"ஒரு தடவைக்கே போடுங்க. அடுத்த பிள்ளைக்கு அடுத்த விசா. இப்பவே சொல்லி அவளைப் பயமுறுத்த வேண்டாம்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். எத்தனை நாள், எங்கே தங்குவது, யார் செலவு, யார் அழைப்பு என்று ஒவ்வொரு கட்டமாக நிரம்பியது. கடைசியில், பயணத்தை விளக்கி ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

"அதை நான் எழுதறேன்" என்றேன். ஐயோ.

4.

அந்தக் கடிதத்தை முழுதாக இங்கே தர எனக்குத் தைரியமில்லை. நான்கு பக்கம். தாய்மை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் பனி. முடிவை, எனக்குப் பிடித்த நாவல்களைப் போலத் திறந்தே விட்டிருந்தேன்: 'திரும்பும் தேதியை அன்பு முடிவு செய்யும்.'

படித்துக் காட்டியபோது அம்மாவின் கண்கள் கலங்கின. "எவ்வளவு நல்லா எழுதறே" என்றாள். அப்போது கடையில் நாலு ஜெராக்ஸ் இல்லை, ஊருக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்காமல் நாங்களே அனுப்பிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து தூதரகத்திலிருந்து பதில் வந்தது: விசா இல்லை. விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்று நம்பப் போதுமான காரணம் இல்லையாம்.

நான் எழுதியதை முழுக்கப் படித்த முதல் வாசகர் அந்த விசா அதிகாரிதான். தவறாகவும் படிக்கவில்லை.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்தபடி, "கியர் மாத்தி எடுப்போம்" என்று மட்டும் சொன்னாள். அவள் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்காமல் காலை மேலேயே வைத்திருப்பதுதான் அவளுடைய தொழில். என் விஷயத்தில் அதைத்தான் செய்தாள் என்று—

[நிறுத்துகிறேன். இந்த உவமையை வளர்த்தால் நான்கு பக்கம் போய்விடும்.]

5.

ஊரிலிருந்து திரும்பிய நாலு ஜெராக்ஸ், கடிதத்தைப் படித்தார். நான்கு பக்கத்தையும். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"தங்கச்சி, ரொம்ப நல்லா இருக்கு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அவங்களுக்கு முடிவு தெரியணும்மா. போறதைவிட வர்றதைத்தான் பாப்பாங்க." அம்மாவிடம் திரும்பினார். "நீங்க ஏன்மா திரும்பி வரணும்? யோசிக்காம சொல்லுங்க."

"என்னங்க கேள்வி இது? ஒன்பது பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கு. அதுல ஒருத்தி மூணு தடவை ஃபெயிலு. என்னைத் தவிர யார் பக்கத்துல உக்காந்தாலும் வண்டியை நிறுத்திட்டு அழறா. விட்டுட்டு எங்க போறது?"

"அதை அப்படியே எழுதுங்க."

அம்மா தன் கையால் எழுதினாள். மூன்றே வரி: மகளின் பிரசவத்துக்குப் போகிறேன். ஆறு வாரம் இருப்பேன். என் மாணவிகளின் தேர்வுக்கு முன் இந்தத் தேதியில் திரும்பிவிடுவேன்.

பயிற்சிப் பள்ளி முதலாளியிடம் அம்மாவுக்கான விடுப்புக் கடிதத்தைக் கடைக்காரரே போய் வாங்கிவந்தார். அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, மச்சானின் கப்பல் சான்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். நாலு ஜெராக்ஸ் எடுத்தார். இரண்டாம் முறைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

"நான் ஊர்ல இல்லாததாலதானே ஆச்சு" என்றார். அது உண்மையே இல்லை. இருந்தும் சொன்னார்.

6.

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) விசா இருக்கிறது. அம்மா பறக்கிறாள். அக்கா கதவைத் திறக்—

ஆ) விசா இல்லை. அக்கா தனியாக டாக்ஸிக்கு—

இ) கவரே தொலைந்துபோகிறது. (கோழைத்தனம். அடித்துவிட்டேன்.)

ஒருமுறை முடிவு எழுதாமல் விட்டு அம்மாவின் பயணத்தைக் கெடுத்தவள் நான். மறுபடியும் அதையே செய்வதா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அன்றைய முடிவை நான் எழுதியிருக்க வேண்டும். இன்றைய முடிவு ஏற்கெனவே அச்சாகிக் கவருக்குள் இருக்கிறது.

7.

கேட் சத்தம். அம்மா.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு. உன் பேருக்கு. நான் பிரிக்கலை."

"பாத்தாலே தெரியுது, உன் மூஞ்சியே கவர் மாதிரி ஒட்டிக் கெடக்கு." பையை வைத்தாள். கத்தரியை எடுத்தவள், கவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். "முதல்ல அவருக்கு போன் போடு."

"யாருக்கு?"

"நாலு ஜெராக்ஸுக்குத்தான். நன்றி சொல்லிட்டுப் பிரிப்போம்."

"என்ன வந்திருக்குன்னு தெரியாமயேவா?"

"தெரிஞ்சுட்டுச் சொன்னா, அது விசாவுக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்டி. அவர் பட்ட பாட்டுக்கு யார் சொல்றது?"

போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. ரிங் போகிறது. அம்மா தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். முக்கியமான யாரோ எதிரில் வந்து உட்கார்ந்ததுபோல் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறாள்.

இவ்வளவு தூரம் கூடவே காத்திருந்த உங்களுக்கும் நன்றி. உங்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கத்தரி உங்கள் பக்கம் இருக்கிறது. அவர் "ஹலோ" சொல்லி, அம்மா பேசி முடிக்கட்டும். பிறகு, ஓரமாக வெட்டுங்கள். உள்ளே பாஸ்போர்ட் இருக்கிறது.