வேளாண் பிரிவு

பத்தாம் வகுப்புக் கணக்கில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் மார்கரெட்டுக்குத்தான். அவள் அப்பா மோசஸ் ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தை அளந்து பார்க்க வரும் இன்ஜினீயர் முன்னால் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். அந்த இன்ஜினீயர் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று சியாமளா டீச்சரிடம் ஒருநாள் கேட்டாள். ப்ளஸ் டூவில் கணக்கும் சயின்ஸும் எடுக்கணும் என்றார் டீச்சர்.

அது 1978. பி.யு.சி. போய் ப்ளஸ் டூ வந்த முதல் வருஷம். மதுராந்தகத்தை ஒட்டியிருந்த அந்தப் பள்ளியில் புதுப் பாடத்திட்டம் பற்றிக் கூட்டம் நடந்தபோது அதிகம் பேசியவர் சியாமளாதான். மனப்பாடம் செய்து கக்குவதா படிப்பு, ஏரித் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு நெல்லைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாமா, வாழ்க்கையோடு ஒட்டியதாகப் படிப்பு இருக்க வேண்டாமா என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் வாரத்தில் ஒருநாள் சேற்றில் இறங்கட்டும் என்றார். தாளாளர் பூவராகவன் கைதட்டினார். வேளாண் பிரிவு வேண்டுமென்று அவரே அலைந்து அனுமதியும் வாங்கி வந்தார்.

ஜூனில் பிள்ளைகளைப் பிரித்தார்கள். காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் வேளாண் பிரிவு. தாளாளரின் மகன் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன். அவனுக்கு சயின்ஸ்.

சியாமளா தாளாளர் அறைக்குப் போனார்.

"சார், நான் சொன்னது எல்லாப் பிள்ளைங்களுக்கும்."

"எல்லாருக்கும்னா யார் டீச்சர் ஒத்துப்பாங்க? வாழ்க்கையோட ஒட்டின படிப்புன்னு நீங்கதானே பேசினீங்க? இதுங்க வாழ்க்கை மண்ணோடதான்."

"மார்கரெட்டை மட்டுமாவது..."

"ஒருத்திக்கு மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

சியாமளா திரும்பி வந்துவிட்டார். வேளாண் பிரிவை அவரையே எடுக்கச் சொன்னார்கள். வேறு யாரோ எடுப்பதற்கு நாமே எடுப்பது மேல் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னா குரூப்பு குடுத்தாங்க?" என்று வீட்டில் மோசஸ் கேட்டான்.

"புது குரூப்புப்பா" என்று சொல்லிவிட்டு மார்கரெட் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பள்ளியில் கேட்ட பீஸை மோசஸ் கட்டினான்.

புரட்டாசியில் செய்முறை வகுப்பு தொடங்கியது. பள்ளிக்கு நிலம் கிடையாது. தாளாளர் தன் கழனியையே கொடுத்தார். பெண்கள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். மார்கரெட்டுக்குப் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பாப்பா, "எங்கம்மாவுக்கு இதுக்குக் கூலி தராங்க. நமக்கு மார்க்காம்டி" என்று சிரித்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். டியூட்டி முடிந்த காக்கிச் சட்டையோடு மோசஸ் சைக்கிளில் வந்து இறங்கினான்.

அவன் அப்பா ஆபிரகாம் ஆயுசு முழுக்க அந்தக் கழனியில்தான் உழைத்துச் செத்தார். மீசை முளைக்கும் வயசில் அங்கிருந்து ஓடிப்போய் ரயில்வேயில் சேர்ந்த மோசஸ், பிறகு அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை.

"மேல வா" என்றான்.

"கிளாஸு நடக்குதுப்பா."

"இதான் கிளாஸா?"

வரப்பில் குடையோடு நின்றிருந்த சியாமளா அருகில் வந்தார். "மோசஸ், இதுவும் பாடம்தான். கொஞ்சம் பொறுங்க..."

"டீச்சரம்மா, எங்கப்பன் இந்தக் கழனியில கூலிக்கு நட்டாரு. எம் பொண்ணு நடறதுக்கு நானு பீஸு கட்றேன். நல்லாக் கீது உங்க பாடம்."

"நான் இப்படி ஆகும்னு நினைக்கல."

"நீங்க இன்னா நெனச்சா இன்னாம்மா? நீங்க வரப்பு மேல நிக்கிறீங்க. அது சேத்துல நிக்குது."

மார்கரெட் மேலே ஏறினாள். கையிலிருந்த நாற்றுமுடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் டீச்சரிடம் நீட்டினாள். சியாமளா வாங்கிக்கொண்டார். சேற்றில் நின்ற மற்றப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களைக் கூப்பிட யாரும் வரவில்லை.

மறுநாள் மோசஸ் டி.சி. கேட்டான். தாளாளர் உட்காரக்கூடச் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார். நடத்தை என்ற இடத்தில் 'திருப்தி இல்லை' என்றிருந்தது. மோசஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. மார்கரெட் படித்தாள், அப்பாவிடம் சொல்லவில்லை. செங்கல்பட்டுப் பள்ளிகளில் பாதி வருஷத்தில் இடம் இல்லை என்றார்கள். அடுத்த ஜூனில் போனபோது அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு கூடுவாஞ்சேரியில் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

தாளாளர் கழனியில் அந்த வருஷம் நல்ல விளைச்சல். கல்வித்துறை மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்து, மாவட்டத்துக்கே இது முன்மாதிரி என்று பேசி சியாமளாவுக்குச் சால்வை போர்த்தினார். அவர் மறுக்கவில்லை. மறுவருஷம் வேளாண் பிரிவில் இரண்டு வகுப்புகள் ஆயின. இரண்டிலும் காலனிப் பிள்ளைகள்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் சியாமளா மார்கரெட்டைப் பார்த்தார்.

"இந்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணும்மா. நானே கூட வந்து பேசறேன்."

"அன்னிக்குக் கழனியில எங்கப்பாகிட்ட பேசினீங்களே டீச்சர், அப்படியா?"

மார்கரெட் கோபமாகக் கேட்கவில்லை. பஸ் வந்தது. "வரேன் டீச்சர்" என்று வழக்கமான மரியாதையோடு சொல்லிவிட்டு ஏறி, டீச்சர் நிற்காத பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.