பீலிக்கு வந்த பச்சை

கார் ரேடியேட்டருக்கு அடியில் வைக்க என் வீட்டுக்காரர் றோலண்ட் எடுத்துப்போனது நான் மீன் கழுவும் பேசின். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குள் தலையை விட்டவர்தான். யாரோ ஓட்டித் தேய்த்ததை எண்பத்தாறில் வாங்கிய ஜப்பான் கார். டைமிங் பெல்ட் வெடிப்பு விட்டிருக்கிறது, ஓட்டத்தில் அறுந்தால் இஞ்சினே போய்விடும் என்று தலவாக்கலையில் எவனோ சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. பிள்ளை காய்ச்சலில் அனத்தியபோது குறட்டை விட்டவர்.

பெல்ட்டை மாற்ற முதலில் ரேடியேட்டர் தண்ணியை இறக்கினார். தண்ணியா அது? பச்சைப் பசேலென்று, துருச் சேறு கலந்து, சளி மாதிரி இழுபட்டு விழுந்தது. ஒரு கெட்ட இனிப்பு வாடை. ச்சீ, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். புதுப் பெல்ட்டைப் பல்லுக்குப் பல் பொருத்தி, புள்ளிக்குப் புள்ளி சரி பார்த்து, புதுக் கூலண்டை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். அவ்வளவு பக்குவம். பிறகு பேசினைக் காலால் தள்ளி வாசலோரக் கழிவுக் கானில் கவிழ்த்தார்.

"ஐயோ! என்னாங்க செஞ்சீங்க? அது நஞ்சுங்க. கான் போய் ஓடையில விழுது, அந்தத் தண்ணிதானே லயத்துப் பீலிக்கு வருது!"

"போவட்டுமே. லயத்து ஆளுகளுக்கு ஒண்ணும் ஆவாது. நம்ம கழுவி ஊத்துனதத்தானே இத்தன வருஷமா குடிக்கிறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதே லயத்து வரிசை வீட்டில் பிறந்து அதே பீலியில் குடித்து வளர்ந்த வாய். தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் ஆனதும் குடலும் மாறிவிடுமா? அந்த மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

ஓடைத் தண்ணீர் குழாய் வழியாக விழும் பீலியடியில் நல்ல கூட்டம். லயத்துப் பேச்சியம்மா நிறைந்த குடத்தைத் தூக்கப் போனாள்.

"தண்ணி புடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!"

பேச்சியம்மா குடத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "ஏன் டீச்சர், பைப்பு ஆபீஸ் ஸ்டாப்பு வீடுகளுக்கு மட்டுந்தான்னீங்க. இப்ப பீலியும் ஒங்களுக்குத்தானா?"

"எங்க வீட்டுக்காரரு கார்த் தண்ணிய கான்ல ஊத்திட்டாரு. நஞ்சு அது."

சொல்ல நாக்குக் கூசியது. யாரும் நம்பவில்லை. பீலித் தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. ஒருத்தி குடிக்கக் கையேந்தினாள், நான் தட்டிவிட்டேன். அவள் என்னை ஏசத் தொடங்கும்போது தண்ணீரோடு மெல்லிய பச்சை இறங்கியது. அந்த வாடையும் கூடவே வந்தது. ஒரு கிழவி காறித் துப்பினாள். எதைப் பார்த்துத் துப்பினாள் என்று நான் கேட்கவில்லை.

பேச்சியம்மா குடத்தைக் கவிழ்த்துவிட்டு, வெறுங்குடத்தை என் காலடியில் வைத்தாள். நான் அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"வாங்க. எங்க வீட்டு பைப்புல புடிங்க."

வழக்கம்போலப் பின்புறக் குசினிப் பக்கத்துப் பாதைக்குத் திரும்பினார்கள்.

"அங்க இல்ல. முன்வாசல் வழியா வாங்க."

மேலே கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. எங்களைக் கண்டதும் றோலண்ட் கிரீஸ் கையோடு கேட்டைச் சாத்த ஓடிவந்தார். என் பின்னால் குடங்கள் ஒன்றோடொன்று இடிபட ஏறி வந்துகொண்டிருந்தன.